சிவப்பு மூடியும் ஆரஞ்சு மூடியும்

நாய்க்கு நீரிழிவு வந்தால் அதை வளர்ப்பவருக்கும் அந்நோய் வரும் வாய்ப்பு சற்றே கூடுகிறது என்றும், பூனைக்கும் அதை வளர்ப்பவருக்கும் இடையே அத்தகைய தொடர்பு எதுவும் தென்படவில்லை என்றும் 2020ஆம் ஆண்டு டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வொன்று தெரிவித்தது. சுவீடனில் வளர்ப்பு விலங்குகளுக்குக் காப்பீடு எடுப்பது பெருவழக்கு என்பதால், அக்காப்பீட்டுப் பதிவுகளையும் மக்களுக்கான மருத்துவப் பதிவேடுகளையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் வசதி அந்நாட்டு ஆய்வாளர்களுக்கு இருந்தது. 2,08,980 நாய்களையும் 1,23,566 பூனைகளையும் அவற்றை வளர்ப்பவர்களையும் அவர்கள் இணையிணையாக எடுத்துக்கொண்டனர். நீரிழிவுள்ள நாயோடு வாழ்பவருக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு, நலமான நாயோடு வாழ்பவரைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இருந்தது. நாய் தன்னை வளர்ப்பவரோடு நடக்கிறது, அவர் நடக்காவிட்டால் தானும் நடப்பதில்லை என்பது இதற்குச் சொல்லக்கூடிய காரணங்களுள் ஒன்று. பூனையோ எவரையும் நம்பித் தன் நடையை வைத்துக்கொள்வதில்லை.

இந்த முடிவின்படி பார்த்தால், ஐதராபாத்தின் அமீர்பேட்டில் ஓர் அடுக்குமாடி வீட்டில் ஒரு மனிதரும் ஒரு பூனையும் ஒரே காலத்தில் நீரிழிவோடு வாழ நேர்ந்தது வெறும் தற்செயலே. அம்மனிதர் இக்கட்டுரையை எழுதுபவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து திருமணத்திற்குப் பின் அங்குக் குடியேறியவர். பூனையின் நோய் தெரியவருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இரண்டாம் வகை நீரிழிவுக்கு மாத்திரையும் பின்னர் இன்சுலினும் எடுத்துக்கொள்ளத் தொடங்கியவர். பூனை அத்தெருவின் மாணவர் விடுதி ஒன்றைச் சேர்ந்தது. மைத்ரிவனம் சந்திப்பைச் சுற்றி அடுக்கடுக்காக நிற்கும் மென்பொருள் பயிற்சி நிலையங்களுக்கு ஆந்திரத்திலிருந்தும் தெலங்கானாவின் மாவட்டங்களிலிருந்தும் வரும் இளைஞர்களை நம்பியே அப்பகுதியின் விடுதிகளும் டிபன் கடைகளும் ஒளிநகல் கடைகளும் பிழைக்கின்றன. விடுதிப் பையன்கள் அப்பூனைக்கு ஜாவா என்று பெயர் வைத்திருந்தனர் என்பதில் வியப்பில்லை. 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்து விடுதிகள் மூடப்பட்டபோது, ஊர் திரும்ப அனுமதிக் கடிதம் கேட்டு மாணவர்கள் காவல் நிலையங்களின் முன் கூட்டம் கூட்டமாக நின்றனர். போகிற அவசரத்தில் ஒருவர் மாடியேறி வந்து, "ஆன்ட்டி, ரெண்டு வாரம் பார்த்துக்கோங்க" என்று தெலுங்கில் சொல்லிப் பூனையை விட்டுச் சென்றார். அவர் சேர்ந்திருந்த பயிற்சி வகுப்பு இணையத்துக்கு மாறிவிட்டதால், அவர் திரும்பி வரவேயில்லை.

நீரிழிவு என்பது உண்ட உணவிலிருந்து இரத்தத்தில் சேரும் குளுக்கோஸ் என்னும் சர்க்கரையை உடலின் செல்கள் எடுத்துக்கொள்ள இயலாத நிலை. செல்களின் கதவைத் திறக்கும் இன்சுலின் என்ற சுரப்பை, இரைப்பைக்குப் பின்னால் உள்ள கணையத்தின் பீட்டா செல்கள் உண்டாக்குகின்றன. அச்செல்கள் அறவே அழிந்துபோவது முதல் வகை, இன்சுலின் சுரந்தும் உடல் அதற்குச் சரிவர இணங்காமல் நாளடைவில் சுரப்பும் குன்றிப்போவது இரண்டாம் வகை. நாய்களுக்கு வருவது பெரும்பாலும் முதல் வகையை ஒத்தது. பூனைகளுக்கு வருவது இரண்டாம் வகையை ஒத்தது. இந்த ஒப்புமை மேலோட்டமானது அன்று. பீட்டா செல்கள் இன்சுலினோடு சேர்த்து அமிலின் என்னும் சிறிய புரதம் ஒன்றையும் வெளியிடுகின்றன. மனிதரிலும் பூனையிலும் இப்புரதம் மடிந்து இழைகளாகத் திரண்டு கணையத் திட்டுகளில் படியும் இயல்புடையது, எலியிலும் சுண்டெலியிலும் அவ்வாறு திரள்வதில்லை. 1980களில் சுவீடனின் பேர் வெஸ்டர்மார்க்கும் அவருடைய சகாக்களும் இப்படிவுகளை ஆராய்ந்து அவற்றின் அடிப்படைப் புரதத்தை அடையாளம் கண்டபோது, மனிதக் கணையக் கட்டியோடு நீரிழிவுற்ற பூனையின் கணையத்தையும் பயன்படுத்தினர். ஆய்வகத்தில் கோடிக்கணக்கில் பலியிடப்படும் எலியைவிட, சோபாவின் முதுகில் உறங்கும் பூனையே இந்த நோயில் மனிதருக்கு நெருங்கிய உறவு.

ஜாவாவுக்கு நோய் வந்த வழியும் மனிதருக்கு வரும் வழிகளுள் ஒன்றே. கருத்தடை செய்யப்பட்ட, நடுவயதைத் தாண்டிய, வீட்டுக்குள்ளேயே உழலும், எடை மிகுந்த ஆண் பூனைகளுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு அதிகம். இந்த அடையாளங்கள் அனைத்தும் ஜாவாவிடம் இருந்தன. அத்தோடு, ஈறுகளிலும் தொண்டையின் பின்புறத்திலும் ஆறாத புண் வரும் தொல்லை அதற்கு இருந்ததால், பல வாரங்களுக்கு உடலில் தங்கி வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசி சிலமுறை போடப்பட்டது. ஸ்டீராய்டு அழற்சியைத் தணிக்கும். கூடவே இன்சுலினுக்கு உடல் இணங்காத நிலையையும் உண்டாக்கும். மனிதர்களில் கொரோனா சிகிச்சைக்குப் பின் பலருக்குச் சர்க்கரை ஏறியதற்கு ஸ்டீராய்டும் ஒரு காரணம் என்பது அந்த ஆண்டுகளில் பலரும் கேள்விப்பட்ட செய்திதான். புண் ஆறியது, தண்ணீர்க் கிண்ணம் காலியாகத் தொடங்கியது.

நோயைக் கண்டுபிடித்துக் கொடுத்தவை எறும்புகள். சிறுநீரில் எறும்பு மொய்ப்பதை நீரிழிவின் அடையாளமாகப் பழைய இந்திய மருத்துவ மரபு குறித்து வைத்திருக்கிறது, கிராமத்து வீடுகளில் அது இன்றும் பேச்சுவாக்கில் வரும் செய்தி. ஆனால் மூன்றாம் மாடியின் பால்கனியில், பூனையின் மணல் தட்டிற்கு, சுவரோரமாகக் கோடு பிடித்துச் சிற்றெறும்புகள் ஏறி வரும் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. சிறுநீரில் சர்க்கரை கசியத் தொடங்கும் இரத்த அளவைச் சிறுநீரக வாசல் அளவு எனலாம். மனிதரில் அது டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராம், பூனையில் 250க்கும் மேல். ஆகவே பூனையின் சிறுநீரை எறும்பு தேடி வரும்போது நோய் நன்றாகவே வேரூன்றியிருக்கும். அதற்குள் ஜாவாவின் பின்னங்கால்களும் தளர்ந்திருந்தன: விரல்நுனியில் நடக்க வேண்டிய விலங்கு, குதிகால் வரை தரையில் பதித்து, மொசைக் தரையில் முயலைப் போல அமர்ந்தெழுந்து நகர்ந்தது. நரம்புகளை உயர்சர்க்கரை சிதைப்பதன் விளைவு அது. இரவில் உள்ளங்கால் எரிச்சலுக்குத் தைலம் தேய்க்கும் பழக்கமுள்ள கட்டுரையாளருக்கு அதை விளக்க மருத்துவர் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை.

நீரிழிவு வந்தவரைச் சுற்றியுள்ளோர் பேசும் பேச்சில் ஒரு குற்றச்சாட்டு எப்போதும் ஒளிந்திருக்கும்: இனிப்பைத் தின்று தின்று வரவழைத்துக்கொண்டது. திருமண வீட்டில் ஜாங்கிரியை எடுக்கும் கை, எடுக்காமல் விடும் கை இரண்டுமே கண்காணிக்கப்படுகின்றன. இந்தப் பேச்சுக்குப் பூனை ஒரு விடை. 2005இல் அமெரிக்காவின் மோனெல் வேதிப்புலன் ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள், நாக்கில் இனிப்பை உணரும் ஏற்பியின் ஒரு பாதியை உண்டாக்கும் மரபணு வீட்டுப் பூனையிலும் புலியிலும் சிவிங்கிப்புலியிலும் செயலிழந்து கிடப்பதைக் கண்டறிந்தனர். பூனைக்கு இனிப்பு என்ற சுவையே தெரியாது. தெரியாத சுவையின் மீது ஆசைப்பட்டு எந்தப் பூனையும் நோயை வரவழைத்துக்கொண்டிருக்க முடியாது. அமீர்பேட்டிலிருந்து அதிகத் தொலைவில்லாத தார்நாகாவில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில், மரபணு மாற்றம் ஒன்றால் வழக்கமான உணவிலேயே பருத்துப்போகும் எலி இனம் ஒன்று வளர்க்கப்படுகிறது. பருமன் மனவுறுதியின் குறைவால் மட்டுமே வருகிறது என்போர் அங்குச் சென்று அந்த எலிகளுக்கு அறிவுரை கூறிப் பார்க்கலாம்.

இனி ஊசி. இந்நோயின் இரட்டைப் பராமரிப்பில் மிகுந்த கவனம் கேட்டதும், அமீர்பேட் போன்ற ஓரிடத்தில் மேலை நாடுகளைவிட எளிதாகவும் அதே அளவுக்கு அபாயமாகவும் அமைந்ததும் இதுவே. இன்சுலினை யூனிட் என்ற அலகால் அளக்கிறார்கள். ஒரு மில்லிலிட்டர் திரவத்தில் எத்தனை யூனிட் கரைந்திருக்கிறது என்பது அதன் செறிவு. உலகின் பெரும்பகுதியில் மனிதருக்கான இன்சுலின் மில்லிலிட்டருக்கு 100 யூனிட் என்ற ஒரே செறிவுக்கு மாறிவிட்டது. விலங்குகளுக்கான சில இன்சுலின்கள் மட்டும் பழைய 40 யூனிட் செறிவில் நீடிக்கின்றன. ஆகையால் அந்நாடுகளில் 40 யூனிட் சிரிஞ்சு என்பது கால்நடை மருத்துவரிடம் சொல்லி வாங்க வேண்டிய தனிப்பொருள். இந்தியாவிலோ மனிதருக்கான குப்பி இன்சுலின் இன்றும் பெரும்பாலும் 40 யூனிட் செறிவில்தான் விற்கப்படுகிறது. அதற்கான சிவப்பு மூடி சிரிஞ்சு அமீர்பேட்டின் எந்த மருந்துக் கடையிலும், இருமல் மருந்து கேட்கும் நேரத்தில், கிடைத்துவிடும். கட்டுரையாளர் காலையும் இரவும் போட்டுக்கொள்ளும் மிக்ஸ்டார்ட் அந்தச் செறிவினது. உள்ளங்கைகளுக்கிடையே உருட்டிக் கலக்க வேண்டிய, பால்போல் கலங்கிய திரவம்.

ஜாவாவுக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்ததோ கிளார்ஜின். உடலில் மெல்ல மெல்லக் கரைந்து நீண்ட நேரம் வேலை செய்யும்படி மூலக்கூறு மாற்றியமைக்கப்பட்ட இன்சுலின் அது; மனிதருக்காகவே செய்யப்பட்டது, பூனைகளுக்கும் நன்றாக ஏற்கிறது என்று பின்னர் அறியப்பட்டது, இந்தியாவில் 2022இல் தேசிய அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்க்கப்பட்டது. தெளிந்த தண்ணீர் போலிருக்கும்; 100 யூனிட் செறிவில் வரும்; அதற்குரியது ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. இரண்டு மூடிகளையும் மாற்றிவிட்டால் நேர்வதைக் கணக்காகவே சொல்லலாம். கிளார்ஜினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 2 என்ற கோடுவரை இழுத்தால் உள்ளே வருவது 0.05 மில்லிலிட்டர், அதாவது 5 யூனிட்; இரண்டரை மடங்கு. எண்பது கிலோ மனிதரை அது சற்று வியர்க்க வைக்கலாம், ஆறு கிலோ பூனையைக் கொன்றுவிடலாம். மிக்ஸ்டார்ட்டை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடுவரை இழுத்தால் கிடைப்பது 8 யூனிட் மட்டுமே. அன்றைய நாள் முழுதும் மனிதரின் சர்க்கரை ஏறிக்கிடக்கும். ஆரஞ்சு மூடியிலும் அரை யூனிட் கோடு போட்ட சிறிய சிரிஞ்சுதான் பூனைக்கு வேண்டும் என்பதால் அதைத் தேடி மூன்று நான்கு கடைகள் ஏறி இறங்க வேண்டியிருந்தது. ஒரு கடைக்காரர் சிவப்பு மூடிக் கட்டை எடுத்து நீட்டி, "ஏதைனா ஒகட்டேனம்மா", எதுவானாலும் ஒன்றுதான் அம்மா என்றார். நீரிழிவோடு ஆண்டுக்கணக்கில் வாழும் பல இந்தியர்களும் இதே நம்பிக்கையில் இருக்கிறார்கள் என்பது அச்சமூட்டும் உண்மை. அந்த வீட்டில் குளிர்பதனப் பெட்டியின் கதவுத் தட்டு மனிதருக்கும், உள்ளே காய்கறிப் பேழைக்கு மேலுள்ள தட்டு பூனைக்கும் ஒதுக்கப்பட்டது. சிரிஞ்சுகள் அந்தந்த மருந்தோடு அந்தந்தத் தட்டிலேயே வைக்கப்பட்டன, வேறெங்கும் இல்லை.

இன்சுலினின் வரலாற்றில் இதற்கொரு வேடிக்கையான பின்கதை உண்டு. 1922 ஜனவரியில் டொராண்டோவில் லியோனார்ட் தாம்சன் என்ற சிறுவனுக்கு முதன்முதலில் செலுத்தப்பட்ட இன்சுலின் மாட்டின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. மரபணுப் பொறியியலால் மனித இன்சுலின் 1982இல் விற்பனைக்கு வரும்வரை உலகெங்கும் மாடும் பன்றியுமே மனிதருக்கு இன்சுலின் கொடுத்தன. இன்சுலின் 51 அமினோ அமிலங்கள் கோத்த இரட்டைச் சங்கிலி. பூனையின் இன்சுலின் மனித இன்சுலினிலிருந்து நான்கு இடங்களில் வேறுபடுகிறது, மாட்டின் இன்சுலினிலிருந்து ஒரேயோர் இடத்தில் மட்டும். கட்டுரையாளரின் பாட்டி தலைமுறையினர் கொதிக்கவைத்த கண்ணாடி சிரிஞ்சில் போட்டுக்கொண்ட மருந்து, அவர்களைவிட அவர்கள் வீட்டுப் பூனைக்கே பொருத்தமாக இருந்திருக்கும்.

ஒரே மருந்து இனம் என்றாலும் நடைமுறைகள் நேரெதிரானவை. மிக்ஸ்டார்ட் போட்டுக்கொள்பவர் ஊசிக்குப் பின் அரைமணி காத்திருந்து உண்கிறார். பூனைக்கு அது உண்பதைக் கண்ணால் பார்த்த பின்பே ஊசி, ஏனெனில் உண்ண மறுத்துவிட்டால் பூனையை உண்ண வைக்க எவராலும் இயலாது. கிளார்ஜின் மனிதருக்குப் பெரும்பாலும் நாளுக்கு ஒருமுறை போதும். பூனையின் உடல் அதை விரைவாகக் கரைத்துவிடுவதால் பன்னிரண்டு மணிக்கொருமுறை வேண்டும். மனிதருக்கு வயிற்றின் கொழுப்பில். பூனைக்கு விலாவின் தளர்ந்த தோலைக் கூடாரம்போல் தூக்கிப் பிடித்து அதனடியில். எனவே காலை ஏழு மணி என்பது அவ்வீட்டில் இப்படி நடந்தது: முதலில் தமக்கு ஊசி, பிறகு பூனைக்குக் கோழி, அது தின்னும்போதே அதற்கு ஊசி, பிறகு இட்லிக்குக் காத்திருத்தல். கீழே பயிற்சி நிலையங்களின் அதிகாலை வகுப்புக்கு மாணவர்கள் தேநீர்க் கோப்பையோடு ஓடும் நேரம் அது. மாத்திரை மறந்துபோவதும் ஊசி தள்ளிப்போவதும் தமக்கு வழக்கமாக இருந்த ஒருவர், பூனையின் பொருட்டுக் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டார் என்பதையும் இங்குப் பதிவு செய்ய வேண்டும். இதில் அன்பைவிடக் கணக்குக்கே பங்கு அதிகம்: ஏழு மணிக்கு எழுந்தே ஆக வேண்டியவருக்குத் தம் ஊசியைத் தள்ளிப்போடக் காரணம் எதுவும் மிஞ்சவில்லை.

அளத்தல் அடுத்தது. பூனையின் இரத்தத்தைக் காதின் ஓரத்தில் எடுக்கிறார்கள். அங்கு விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய சிரை ஓடுகிறது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் காதைச் சற்றுச் சூடாக்கி, பின்னால் கைபேசி விளக்கைப் பிடித்தால் இளஞ்சிவப்புத் தோலுக்குள் சிரை கருநூலாகத் தெரியும். அதற்கும் விளிம்புக்கும் இடையில் ஊசிமுனையை அழுத்த, எள்ளளவு இரத்தம் குமிழாக எழும். அதைப் பூனை தலையை உதறுவதற்குள் பட்டையில் தொட்டுவிட வேண்டும். விரல்நுனியில் குத்திக்கொள்ளும்போது முகம் சுளிப்பவர்கள் பார்க்க வேண்டிய காட்சி: அவித்த கோழித் துண்டு எதிரே இருந்தால் ஜாவா கண்ணை மூடிக்கொண்டு காதைக் கொடுத்தது. குத்தும் ஊசி தனித்தனி, அளக்கும் கருவி ஒன்றே. ஆனால் மனிதக் குருதிக்கென அமைக்கப்பட்ட கருவி பூனையின் குருதியில் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும், ஏனெனில் சர்க்கரை சிவப்பணுவிலும் அதைச் சுற்றிய நீர்மத்திலும் பங்கிடப்படும் விகிதம் இரண்டிலும் வேறு. 70 என்ற எண்ணைத் தம் விரலில் கண்டால் குளுக்கோஸ் பொடிக்குக் கை நீட்டும் ஒருவர், அதே எண்ணைப் பூனையின் காதில் கண்டு பதறாமலிருக்கக் கற்க வேண்டியிருந்தது.

மருத்துவமனையில் எடுக்கும் எண்ணையும் அப்படியே நம்ப முடியாது. கூண்டில் அடைத்து, ஆட்டோவில் மெட்ரோத் தூண்களுக்கிடையேயான நெரிசலில் கொண்டுபோய், நாய்கள் குரைக்கும் கூடத்தில் உட்கார வைத்த பூனையின் சர்க்கரை, அச்சத்தில் சுரக்கும் அட்ரினலினாலேயே நலமான பூனையிலும் 300ஐத் தாண்டக்கூடும். வீட்டில் 200க்குச் சற்று மேலே நின்ற ஜாவா அங்கு 400ஐ நெருங்கியது. மனிதரில் இத்தகைய தற்காலிக ஏற்ற இறக்கங்களைத் தாண்டிப் பார்க்க மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனை உண்டு. பூனையில் அதற்குப் பதிலாக ஃப்ரக்டோசமின் பார்க்கிறார்கள், அது குருதிப் புரதத்தில் ஒட்டிய சர்க்கரையைக் கொண்டு கடந்த இரண்டு மூன்று வாரத்தின் நிலையைக் கூறுவது. பூனையின் குருதி என்றதும் ஒரு பரிசோதனை நிலையம் குப்பியைத் தொடவே மறுத்தது; வேறொன்று மருத்துவரின் கடிதத்தோடு எடுத்துக்கொண்டது.

தாழ்சர்க்கரையே இந்நோயில் உடனடியாகக் கொல்லக்கூடியது. மனிதருக்கு வியர்வையும் நடுக்கமும் பசியும் முன்கூட்டியே எச்சரிக்கும், அவர் எழுந்து பதினைந்து கிராம் குளுக்கோஸ் தின்று கால்மணி கழித்து மீண்டும் அளந்துகொள்வார். பூனை சொல்லாது; கட்டிலடியில் போய் ஒடுங்கும், கூப்பிட்டால் வெறித்துப் பார்க்கும், எழுந்தால் குடிகாரனைப் போலத் தள்ளாடும். வலிப்பு வந்துவிட்ட பூனையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ விரலால் ஈறில் தடவிக்கொண்டே மருத்துவரிடம் ஓட வேண்டும். குளிர்பதனப் பெட்டியின் மேல் வைத்திருந்த ஒரே குளுக்கோஸ் டப்பா இருவருக்கும் பொதுவாயிருந்தது. ஆனால் பின்னிரவில் பூனை கட்டிலடியில் புகுந்தால் அது உறக்கமா ஒடுக்கமா என்று டார்ச் அடித்துப் பார்க்கும் வழக்கம் வந்துவிட்டபின், கட்டுரையாளரின் சொந்த உறக்கம் கெட்டது. உறக்கம் கெட்டால் காலைச் சர்க்கரை ஏறும் என்பது அவருடைய குறிப்பேட்டிலேயே தெரிந்தது. பராமரிப்பவருக்கு உள்ள நோயைப் பராமரிப்பே கூட்டுவது பற்றிப் பூனை நூல்களில் ஒரு வரியும் இல்லை.

உணவைப் பொறுத்தவரை அரிசிதான் இருவருக்கும் வினை, வெவ்வேறு காரணங்களால். இன்று ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 1918இல் குன்னூரில் பெரிபெரி நோயை ஆராய ராபர்ட் மக்காரிசன் தொடங்கிய சிற்றாய்வகத்திலிருந்து வளர்ந்தது. தீட்டிய அரிசியை நம்பி வாழ்பவரின் குறைபாட்டை ஆராயப் பிறந்த நிறுவனம், 1958இல் ஐதராபாத்துக்கு வந்து, இப்போது அதே அரிசியை மிகையாக உண்பவரின் நோயைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. 2023இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இன்டியாப் (INDIAB) ஆய்வு இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டு என்று மதிப்பிட்டது. கட்டுரையாளர் சோற்றைக் குறைத்துச் சுண்டலையும் கீரையையும் கூட்ட முடிந்தது. பூனைக்கு அந்த இடைவழி இல்லை: அது ஊனுண்ணி, மாவுச்சத்தைச் செரிக்கும் நொதி அதன் உமிழ்நீரில் இல்லை, திடீரென வந்து சேரும் குளுக்கோஸைக் கல்லீரலில் பிடித்து வைக்கும் ஏற்பாடும் அதனிடம் பலவீனம். ஜாவா விடுதியில் தயிர்சோறும் பிரியாணி மிச்சமும் தின்று வளர்ந்து, பிறகு பையில் வரும் உலர்தீனிக்கு மாறியது. அத்தீனி உருண்டையாக நிற்கவே மாவுப்பொருள் கணிசமாகச் சேர்க்க வேண்டும். இரண்டையும் நிறுத்தி அவித்த கோழியும் ஈரலும், எலும்பின் குறைவை ஈடுகட்டக் கால்சியமும் மருத்துவர் சொன்ன சேர்மானங்களும் என்று மாற்றினர். சைவ வீடாக இருந்த சமையலறையில் கோழிக்கென ஒரு தனிக் குக்கர் வந்தது, மாமியாரின் நீண்ட மௌனத்தோடு.

கோடையில் மருந்தைக் காப்பது தனிப் பாடு. திறந்த கிளார்ஜின் 28 நாளைக்குத்தான் என்று அட்டையில் அச்சிட்டிருக்கிறது. மூன்று மில்லிலிட்டர் குழலில் 300 யூனிட். வேளைக்கு இரண்டு யூனிட் வீதம் பூனைக்குச் செலவாவது 112, எஞ்சிய 188 யூனிட் சாக்கடைக்கு. மனிதரின் அளவுக்கென உருவான பொருளைச் சிறிய உடலுக்குப் பயன்படுத்தும்போது வரும் இந்த வீணடிப்பை எந்த மருந்து நிறுவனமும் பொருட்படுத்தப்போவதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் மின்தடை நீண்ட பகல்களில் இரண்டு தட்டுகளின் மருந்துகளும் ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் இறங்கின. பொங்கலுக்கு ஊர்ப்பயணம் நின்றுபோனது. ஊசி போடத் துணியும் அண்டை வீட்டார் எவரும் கிடைக்கவில்லை, கீழ்த்தளத்தில் மருந்தாளுநர் படிப்பு முடித்த ஓர் இளைஞர் குடிவரும்வரை. அவர் முதல்நாளே ஆரஞ்சு மூடியைக் கையில் எடுத்து, "இதி நூறு கதா?", இது நூறுதானே என்று கேட்டது அந்த வீட்டாருக்குப் பெரிய நிம்மதி.

பூனையின் நீரிழிவில் மனிதர் பொறாமைப்படக்கூடிய ஓர் இயல்பு உண்டு. ஊசியே தேவைப்படாத அளவுக்குச் சர்க்கரை தானாகச் சமநிலையில் நிற்பதைத் தணிவுநிலை என்பர். கிர்ஸ்டன் ரூம்ப், ஜாக்குலின் ராண்ட் ஆகியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டிலேயே அடிக்கடி அளந்து கிளார்ஜினைக் கறாராகச் சீர்செய்து, மாவுச்சத்து குறைந்த உணவு கொடுக்கப்பட்ட 55 பூனைகளில் 64 விழுக்காடு அந்நிலையை அடைந்தன. நோய் கண்ட ஆறு மாதத்துக்குள் இம்முறையைத் தொடங்கியவற்றில் 84 விழுக்காடு. எல்லா ஆய்வுகளும் இவ்வளவு உயர்ந்த எண்ணிக்கையைத் தரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மனிதரிலும் இது இயலாததன்று: 2017இல் வெளியான பிரிட்டனின் டைரெக்ட் ஆய்வில், சில மாதங்கள் மிகக் குறைந்த கலோரி உணவில் இருந்து எடையிழந்தவர் குழுவில் 46 விழுக்காட்டினர் ஓராண்டு முடிவில் மருந்தின்றித் தணிவுநிலையில் இருந்தனர். ஆனால் அவர்கள் நோய் வந்து ஆறாண்டுக்குள் இருந்தவர்கள், இன்சுலின் எடுக்காதவர்கள். அந்தக் கதவு கட்டுரையாளருக்கு எப்போதோ சாத்தப்பட்டுவிட்டது. ஸ்டீராய்டு உடலிலிருந்து விலகி, எடை குறைந்து, உணவும் மாறியபின் ஜாவாவின் அளவு இரண்டு யூனிட்டிலிருந்து ஒன்றாகவும் அரையாகவும் இறங்கி, ஒரு கட்டத்தில் ஊசி நிறுத்தப்பட்டது. பின்னங்கால்களும் மெல்ல நிமிர்ந்து, அது மீண்டும் அலமாரி மேல் தாவியது. அதே காலத்தில் நடந்த பரிசோதனைக்குப் பின் கட்டுரையாளரின் மிக்ஸ்டார்ட் இரண்டு யூனிட் கூட்டப்பட்டது. ஒரே வீட்டில், ஒரே கடிகாரத்தில், ஒரே கருவியால் அளந்து நடத்திய இரண்டு சிகிச்சைகள் இப்படி எதிரெதிர்த் திசையில் சென்றதில் குற்றம் சொல்ல எவரும் இல்லை. ஒன்று வந்து அதிக நாளாகாத நோய், மற்றொன்று பதினைந்து ஆண்டுப் பழையது.

தணிவுநிலை என்பது குணமன்று. ஸ்டீராய்டு அதைக் கலைத்துவிடக்கூடும். ஆகவே வாய்ப்புண் மறுபடி வந்தபோது ஊசி என்ற எளிய வழி அடைபட்டிருந்தது. பற்களின் மேல் படியும் கிருமிப் படலத்துக்கு உடல் மிகையாக எதிர்வினை புரிவதே அப்புண்ணின் மூலம் எனக் கருதப்படுவதால், கடைவாய்ப் பற்கள் அனைத்தையும் பிடுங்கிவிடுவது அதற்கு ஏற்கப்பட்ட சிகிச்சை. மயக்க மருந்து கொடுத்து அது செய்யப்பட்டது. தையல் ஆறும்வரை அரைத்த கோழியைக் கரண்டி நுனியில் எடுத்துச் சிறிது சிறிதாக ஊட்ட வேண்டியிருந்தது, அதற்கு அரைமணிக்கு மேல் பிடித்தது. ஊசி போட்டுக்கொண்டபின் அவ்வளவு நேரம் உண்ணாமல் நிற்பது சரியன்று என்பதால், அந்த வாரம் பூனைக்கு ஊட்டி முடித்தபின் தம் ஊசியை வைத்துக்கொள்ளலாமா என்று கட்டுரையாளர் தம் மருத்துவரிடம் கேட்டார். எட்டு மணியைத் தாண்டாமலிருந்தால் சரி என்று அவர் சொன்னார்.